தற்செயலாகச் சந்திக்க வேண்டிய இடம்

அடடே, நீங்களா. இல்லை, அது நாடகக்காரன் பேசுகிற மாதிரி இருக்கிறது. அட, நீங்க எங்க இந்தப் பக்கம்? இது தேவலை. ஆனால் இந்தப் பக்கம் என்று வாய்விட்டுச் சொல்ல, அது எந்தப் பக்கம் என்று முதலில் தெரிந்திருக்க வேண்டுமே. ஆண்டிபட்டிக் கணவாய் இறங்கி முக்கால் மணி நேரம் ஆகிறது, இரண்டு பக்கமும் வாழைத்தோப்பு, நடுவில் ஒரு செம்மண் தடம், அந்தத் தடமும் இதோ ஒரு மோட்டார் ரூம் வாசலில் போய் முடிந்துவிட்டது, போனுக்குள் இருக்கிற அந்தம்மாவோ கொஞ்சம்கூடக் கூச்சமில்லாமல் நேராகச் செல்லவும் என்கிறாள். நேராகப் போனால் கிணறு. தெய்வநாயகம் பிரேக்கை மிதித்தார். பக்கத்து சீட்டில் இருந்த அவர் மனைவி சொர்ணம் மடியில் இருந்த கைப்பையின் ஜிப்பை ஒருதரம் திறந்து ஒருதரம் மூடினாள், முப்பத்தைந்து வருஷமாக அந்தச் சத்தம் அவருக்குப் பழக்கம், மணி என்ன ஆச்சு பாருங்க என்று அதற்கு அர்த்தம். மணி பத்தேகால். ஞாயிற்றுக்கிழமை, பன்னிரண்டுக்கு எமகண்டம் ஆரம்பித்துவிடும். அதற்குள் நாவலோடை அணைக்குப் போய், பூங்காவுக்குள் நுழைந்து, சும்மா காற்று வாங்க வந்தவர்களாக நடந்து, அங்கே சும்மா காற்று வாங்க வந்தவர்களாக உட்கார்ந்திருக்கும் கம்பத்து மாப்பிள்ளை வீட்டாரைத் தற்செயலாகப் பார்த்து, அடடே என்று சொல்ல வேண்டும். மாப்பிள்ளைப் பையன் நீலக் கட்டம் போட்ட சட்டை. அவன் அம்மா கையில் பச்சைக் குடை. கல்யாணத் தரகர் கோட்டைச்சாமி நடுவில் நின்று, என்னண்ணே இது, சாமியாப் பார்த்துச் சேர்த்து வச்ச மாதிரி இருக்கு என்பார். எல்லாரிடமும் பேசி வைத்தாயிற்று. பேசாதது ஒருத்தியிடம் மட்டும்தான், அவள் பின் சீட்டில் காலை மடக்கி உட்கார்ந்து, ஜன்னலை இறக்கிவிட்டு முகத்தில் காற்று வாங்கிக்கொண்டிருக்கிறாள், கோமதி, அவர் பெற்ற ஒரே பெண், முப்பத்திரண்டு வயசு, மதுரையில் ஒரு ஸ்கேன் சென்டரில் எக்ஸ்ரே எடுக்கிற வேலை, கண்ணாடி போட்டவள். அவளுக்கு இது ஊர் சுற்றிப் பார்க்கிற பயணம். அப்படித்தான் சொல்லிக் கூட்டி வந்திருக்கிறார்.

"ரிவர்ஸ் எடுங்கப்பா, மெதுவா. பின்னாடி ஒண்ணுமில்ல" என்றாள் கோமதி. எடுத்தார். வாழைமட்டை வண்டியின் இரண்டு விலாவிலும் உரசிக்கொண்டே வந்தது. வண்டி அவள் வாங்கியது, பழைய வண்டிதான், ஓட்டவும் அவள்தான் நன்றாக ஓட்டுவாள், ஆனால் காலையில் சொர்ணம், நீ பின்னாடி உக்காருடி, முன்னாடி வெயில் நேரா மூஞ்சியில அடிக்கும் என்று சொல்லிவிட்டாள். டேமுக்குப் போறதுக்கு எதுக்கும்மா பட்டுச்சேலை என்று அவள் கேட்டதற்கும் சொர்ணம் ஒரு பதில் வைத்திருந்தாள், உங்கப்பா கடையில எடுத்தது பீரோவுலயே கெடக்கு, என்னைக்குத்தான் கட்டுவ. இவளுக்குப் பதிலுக்குப் பஞ்சமே கிடையாது. தனக்குத்தான் ஒரு பொய் சொல்லி முடிப்பதற்குள் உள்ளங்கை வேர்த்து ஸ்டியரிங் வழுக்குகிறது. வேர்க்கலாமா? முப்பத்தொரு வருஷம் ஜவுளிக்கடையில் பட்டுப் பிரிவில் நின்று, நாலு மாசமாக அலமாரியில் கிடந்ததை உருவி எடுத்து, இது நேத்துத்தாங்க வந்துச்சு, பிரிக்கவே இல்ல, நீங்கதான் மொதல்ல பார்க்குறீங்க என்று சொன்ன வாய்தானே இது. அந்த வாய்க்கு ஒரு அடடே வராதா. வரும், வரும். ஆளைப் பார்த்ததும் தானாக வரும். ஆளைப் பார்க்கத்தான் இடம் தெரியவில்லை. தடம் ரோட்டில் சேர்கிற இடத்தில் வாழை இலைக்கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு ஒரு அம்மா நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள், இவர் வாயைத் திறப்பதற்குள் "போன் சொல்லுச்சாக்கும்" என்றாள். "இந்த மாசத்துல நீங்க நாலாவது காரு. அந்த மோட்டார் ரூமுல அப்படி என்னதான் இருக்குன்னு வர்றீகளோ." நாவலோடை டேமுக்கும்மா என்றார். "எந்தக் கரைக்கு? மேக்குக் கரைன்னா அங்குட்டுப் போகணும், கெழக்குக் கரைன்னா இங்குட்டு. ரெண்டு கரையிலயும் பார்க்கு இருக்கு. எந்தக் கரைன்னே தெரியாம எப்படிய்யா கெளம்புனீக?" அவள் கேட்டதில் நியாயம் இருந்தது.

"அணை பேரை அடிச்சாலே ஏதாவது ஒரு கரைக்குப் போயிரலாமேப்பா. நமக்கு எந்தக் கரையா இருந்தா என்ன? எதுக்கு யாரோ அனுப்புன லொக்கேஷனப் பிடிச்சுத் தொங்கிக்கிட்டு?" என்றாள் கோமதி. அவர் பின்பக்கம் காட்டுகிற கண்ணாடியைப் பார்க்காமல், கடையில கூட வேலை பார்த்த ஒரு ஆளு அனுப்புனது ஆத்தா, அந்தப் பக்கம்தான் பார்க்க நல்லாருக்குமாம், பூவெல்லாம் வச்சிருக்கானாம் என்றார். "ஓ" என்றாள். அவ்வளவுதான். அது என்ன ஓ. சின்ன வயசில் பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டால் ஒரு ஓ போடுவாள், அது வேறு. கடையில் சேலையைத் திருப்பிப் போட்டு விலைச் சீட்டைப் பார்த்துவிட்டு வாடிக்கைக்காரர்கள் ஒரு ஓ சொல்வார்கள், அதற்கப்புறம் நூறு சேலை பிரித்துப் போட்டாலும் வாங்க மாட்டார்கள், அதுவும் இல்லை. இது நடுவில் ஒரு ஓ. ஒன்றும் இல்லை, குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கிறது, அவ்வளவுதான், பிள்ளை சாதாரணமாகச் சொன்ன ஓவுக்கு நாம் உரை எழுதிக்கொண்டிருக்கிறோம். "போனைக் குடுங்கப்பா, நான் பார்த்துப் போடுறேன்" என்று பின்னாலிருந்து கை நீட்டினாள். காலையிலிருந்து இது மூன்றாவது தடவை. முதல் தடவை போனுக்குள் இருக்கிற அந்தம்மா இவர்களை இன்னும் திறக்காத ஒரு பெட்ரோல் பங்க்கில் கொண்டு போய் நிறுத்தி, நீங்கள் சேருமிடம் வந்துவிட்டது என்றாள். மறுபடி போட்டதில் ஒரு டீக்கடை, வடைச் சட்டிக்கு முன்னால் சேருமிடம் வந்துவிட்டது. அணையும் இல்லை, தண்ணீரும் இல்லை. இந்தத் தடவை கிணற்றுக்கே அனுப்பப் பார்த்தாள். சனியன் பிடித்த போன், என்று மனசுக்குள் வைதுகொண்டே தாங்கியிலிருந்து பிடுங்கிப் பின்னால் கொடுத்தார். வண்டி ஓட்டப் போட்டிருக்கிற மூக்குக்கண்ணாடியில் அவருக்குக் கிட்டத்து எழுத்து தெரியாது, திரையில் நீலமாக ஒரு கோடு தெரியும், அதற்கு மேல் பொடிப்பொடியாக என்னமோ எழுதியிருக்கும், அதையெல்லாம் அவர் படித்ததே இல்லை.

போன் அவள் கையில் இருக்கும்போதே அடித்தது. "யாரோ கூப்பிடுறாங்கப்பா" என்று நீட்டினாள், நல்லவேளை, யாரோ என்றுதான் சொன்னாள், ஓரமாக நிறுத்திவிட்டு இறங்கிப் போய் ஒரு வேப்பமரத்தடியில் நின்று பேசினார். கோட்டைச்சாமிதான். "அண்ணே, எங்க இருக்கீக? நாங்க இன்னும் வழியிலதான் இருக்கோம். மாப்பிள்ளையோட அம்மாவுக்குச் சுகரு, நேரத்துக்குச் சாப்பிடணும்ல, டீக்கடையில அரை மணி நேரம் போயிருச்சு. நீங்க கவலையே படாதீக, காலையிலயே லைவ்ல லொக்கேஷன் போட்டு விட்டுருக்கேன், நான் எங்க இருக்கேன்னு ஒரு புள்ளி காட்டும், அதைப் பார்த்தே வந்துருங்க." தெய்வநாயகம் மரத்தில் ஒரு கையை ஊன்றிக்கொண்டார். ஆக, கிணற்றைத் தவிர போன்மேல் வேறு குற்றம் இல்லை, அந்தம்மா பாவம், சொன்ன வேலையைத்தான் செய்திருக்கிறாள். இந்த மனுஷன் அணை இருக்கிற இடத்தை அனுப்பாமல் தான் இருக்கிற இடத்தை அனுப்பியிருக்கிறான், அவன் பங்க்கில் ஒண்ணுக்குப் போனால் இவர்கள் பங்க்குக்கு, அவன் வடை தின்றால் இவர்கள் வடைச் சட்டிக்கு, இரண்டு மணி நேரமாக அணையை விட்டுவிட்டுத் தரகரைத் துரத்திக்கொண்டிருக்கிறோம். எந்தக் கரைங்க என்று கேட்டார். "அதெல்லாம் மாப்பிள்ளை வீட்டுக்காரங்க எங்க உக்காருறாங்களோ அங்கதான். போய்ச் சேர்ந்துட்டா புள்ளி நின்னுரும்ணே. புள்ளி நின்ன எடத்துக்கு வாங்க." சரி என்று வைத்தார். சிரிப்பு வர வேண்டிய இடம், வரவில்லை. கோமதியிடம் சொல்லிச் சிரிக்க வேண்டிய விஷயம், அவளிடம்தான் சொல்ல முடியாது. யாருப்பா என்று கேட்பாளோ என்று பயந்துகொண்டே வந்து, வழி பார்க்கப் போனை மறுபடி அவளிடம் கொடுத்துவிட்டு உட்கார்ந்தார், கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடத் தேவலை போலிருந்தது.

ரோடு இப்போது நல்ல தார் ரோடு, மேற்கே மலை நீலமாகத் தெரிகிறது, வண்டி தானாகப் போகிறது, மனசுதான் ஒரு இடத்தில் நிற்க மாட்டேன் என்கிறது, வேண்டாம் வேண்டாம் என்று தள்ளினாலும் அந்தக் காலண்டருக்கே போய் நிற்கிறது. இரண்டு வருஷத்துக்கு முந்திய ஆவணி மாசம். ஏழாவது பெண் பார்க்கும் படலம். ஆறு தடவை கேசரியும் பஜ்ஜியும் தின்றுவிட்டு ஊருக்குப் போய்ச் சொல்லி அனுப்புறோம் என்றவர்கள் போனவர்கள்தான். ஏழாவதாக வந்தவர்களில் மாப்பிள்ளையின் பெரியம்மா ஒருத்தி, பொண்ணு கண்ணாடி போட்டிருக்கே, எவ்வளவு பவரு என்று ஆரம்பித்தாள். கண்ணாடியைக் கழட்டும்மா, கழட்டிட்டு அந்தச் சுவத்துல தொங்குற காலண்டரப் படி பார்ப்போம் என்றாள். சபையில் எல்லாரும் சிரித்தார்கள். கோமதி கழற்றினாள். கழற்றிவிட்டுச் சுவர்ப் பக்கம் பார்த்து, தேதி சொன்னாள், கிழமை சொன்னாள், நல்ல நேரம், ராகு காலம், சூலம், அடியில் பொடியாகப் போட்டிருந்த சந்திராஷ்டமம் வரைக்கும் நிறுத்தி நிறுத்தி ஒப்பித்தாள். அட, கண்ணு நல்லாத்தான் இருக்கு என்றாள் பெரியம்மா. அவர்கள் போனபிறகு தட்டுகளை எடுக்கும்போது கோமதி சொன்னாள், எனக்கு ஒரு எழுத்துத் தெரியலப்பா, காலையில தாள் கிழிக்கும்போது படிச்சது, இவங்க கேட்டாலும் கேப்பாங்கன்னு படிச்சு வச்சேன். அதைக்கூட அவர் தாங்கிக்கொண்டார். தாங்க முடியாதது வேறு. சபையில் எல்லாரும் சிரித்தபோது அவரும் சிரித்தார். கேசரித் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு, முப்பத்தொரு வருஷப் பழக்கம், வாடிக்கைக்காரர் சிரித்தால் தானும் சிரித்துவிடுகிற பழக்கம், பெற்ற பெண்ணைக் கண்ணாடியைக் கழற்றி நிற்க வைத்துவிட்டு ஈ என்று சிரித்தார். அவர்கள் பதிலே சொல்லி அனுப்பவில்லை. பத்து நாள் கழித்து அடுப்படியில் அவளிடம், இனிமே உன்னைய யார் முன்னாடியும் நிப்பாட்ட மாட்டேன் ஆத்தா, இது சத்தியம் என்றார். அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டே, நீங்க சொன்னா சரிப்பா என்றாள். அந்தச் சத்தியத்தைத்தான் இன்றைக்கு மணிக்கு அறுபது கிலோமீட்டர் வேகத்தில் அணைக்கட்டுக்குக் கொண்டு போகிறார். நிப்பாட்டவா செய்கிறோம், நடந்து போகிறபோது பார்க்கிறார்கள், ரோட்டில் போகிற யாரும் யாரையும் பார்க்கத்தானே செய்வார்கள், என்று சொர்ணம் கேட்டபோது சரிதானே என்றுதான் இருந்தது. சொர்ணத்தையும் குறை சொல்ல முடியாது. நமக்கப்புறம் யாருங்க இவளுக்கு என்று ராத்திரி முழிப்புத் தட்டிக் கேட்கிறவள் அவள்தான்.

"அப்பா, பசிக்குதா? புளியோதரை பிரிக்கவா?" என்றாள் கோமதி. விடியக்காலம் அவளே எழுந்து கிளறியது. ஞாயிற்றுக்கிழமை டூட்டியைக் கூட வேலை பார்க்கிற பெண்ணிடம் மாற்றி விட்டுவிட்டு, எத்தனை வருஷமாச்சுப்பா நாம மூணு பேரும் இப்படிக் கெளம்பி என்று நேற்றுச் சாயங்காலம் கேட்டாள். அப்போதே நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. வேண்டாத்தா, போய்ச் சாப்பிடுவோம் என்றார். போன பங்குனியில் இருமல் விடாமல் இருந்தபோது அவளுடைய ஸ்கேன் சென்டருக்கே போய் நெஞ்சில் ஒரு எக்ஸ்ரே எடுத்தார், சட்டையைக் கழற்றி அந்தச் சில்லென்ற பலகையில் நெஞ்சை வைத்து நின்றபோது, கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து அவள் குரல் வந்தது, மூச்சை இழுத்துப் பிடிங்க, அசையாதீங்க, அப்படியே இருங்க, இப்ப மூச்சு விடலாம். அப்பா என்று சொல்லவில்லை, எல்லாரிடமும் சொல்கிற மாதிரியே சொன்னாள், அந்தக் குரலுக்கு யாராக இருந்தாலும் கட்டுப்படுவான். ஒரு நாளைக்கு எண்பது பேர் நெஞ்சுக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்கிறவள். அவளைத்தான் அப்பாவும் அம்மாவும் சேர்ந்து ஏமாற்றிக் கூட்டிப் போகிறார்களாம். மணி பதினொன்றரை. சொர்ணத்தின் ஜிப் திறந்து மூடியது. "புள்ளி நின்னுருச்சுப்பா" என்றாள் கோமதி பின்னாலிருந்து, நிதானமாக. "மேக்குக் கரைதான். இன்னும் ஆறு கிலோமீட்டரு." அப்பாடா என்று சொர்ணம் வாய்விட்டே சொன்னாள், பிறகு இருமி அதை மூடினாள்.

அடடே, நீங்களா. அட, நீங்க எங்க இந்தப் பக்கம். போன் கோமதி மடியில் இருந்தது, அந்தம்மாவின் குரல் இப்போது பின்னாலிருந்து வந்தது, இரண்டு கிலோமீட்டரில் வலதுபுறம் திரும்பவும். காலையிலிருந்து முதல்முறையாகப் பக்கத்தில் ஒரு போர்டும் அதையே சொன்னது, நாவலோடை அணை மேற்குக் கரை, அம்புக்குறி வலது பக்கம். தெய்வநாயகம் பின்னால் லாரி எதுவும் வருகிறதா என்று கண்ணாடியை ஏறிட்டுப் பார்த்தார். லாரி இல்லை. கோமதி தெரிந்தாள். சேலை மடிப்பை நீவிவிட்டு, கைக்குட்டையால் முகத்தை ஒற்றிக்கொண்டு, நெற்றிப் பொட்டை விரலால் தடவி நேராக்கினாள். அப்புறம் கண்ணாடியைக் கழற்றினாள். கழற்றி, மடக்கி, மடியில் போனுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். முகத்தில் கோபம் இல்லை, அழுகை இல்லை, ஒன்றுமே இல்லை, உதடு மட்டும் லேசாக அசைந்தது, ஏதோ ஒப்பித்துப் பார்க்கிற உதடு. இதை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று ஒரு கணம் நினைத்தார், அடுத்த கணம் அந்தக் காலண்டர் ஞாபகம் வந்தது. புள்ளி நின்னுருச்சு என்றாளே. புள்ளி நகருகிறது என்று அவளிடம் யார் சொன்னது? அவர் சொல்லவில்லை. யாரோ கூப்பிடுறாங்கப்பா என்றாளே, பேர் போட்டுத்தானே அடிக்கும் போன், சொர்ணம்தானே அதில் கோட்டைச்சாமி கல்யாண புரோக்கர் என்று முழுசாகப் பதிந்து வைத்தாள், ஏழு தடவையும் வீட்டுக்கு வந்து ஏலக்காய் டீ கேட்டு வாங்கிக் குடித்த கோட்டைச்சாமியை இவளுக்குத் தெரியாதா, திரையில் நாள் பூராவும் அந்தப் பேர்தானே நின்றிருக்கும், அவருக்கு மட்டும் தெரியாத அந்தப் பொடி எழுத்து. மூன்று தடவை போனை வாங்கி வாங்கி வழி போட்டுக் கொடுத்தது யார்? வழி தப்பித் தப்பிப் போனபோதெல்லாம் சரி பண்ணிக் கொடுத்தது யார்? தன்னைப் பார்க்க வந்திருக்கிறவர்களிடம் தன்னைத்தானே கொண்டு சேர்க்கப் பார்த்திருக்கிறாள், அப்பா பொய் சொல்லிவிட்டார் என்று அப்பாவுக்குத் தெரியக்கூடாது என்பதற்காக. அடடே என்று அவர் ஆச்சரியப்படும்போது பக்கத்தில் நின்று அவளும் ஆச்சரியப்பட்டிருப்பாள். நன்றாகவே செய்திருப்பாள். இருநூறு மீட்டரில் வலதுபுறம் திரும்பவும் என்றாள் அந்தம்மா. வலது பக்கம் நல்ல ரோடு, இரண்டு ஓரமும் புளியமரம், தூரத்தில் அணைச் சுவர் வெள்ளையாகத் தெரிந்தது. வலதுபுறம் திரும்பவும். கை இண்டிகேட்டர் பக்கம் போனது, அது எப்போதும்போல முந்திக்கொண்டு போகிற கை, சபை சிரித்தால் சிரிக்கிற வாய்க்கு அது கூடப்பிறந்தது. அதை அவர் பிடித்து ஸ்டியரிங்கில் வைத்தார். புளியமர ரோடு பக்கத்தில் வந்தது, நின்று பார்த்தது, பின்னால் போய்விட்டது.

"ஏங்க" என்றாள் சொர்ணம். "ஏங்க, வலது பக்கம்னு சொல்லுச்சுல்ல." அது காலையிலருந்து எதை ஒழுங்காச் சொல்லுச்சு, கிணத்துக்குள்ள போகச் சொன்ன போன்தானே என்றார் தெய்வநாயகம். சத்தமாகச் சொன்னார். உள்ளங்கை வேர்க்கவில்லை. "என்ன வெளையாடுறீகளா? போர்டுலயும் போட்டிருந்துச்சு, நான் பார்த்தேன்" என்று அவள் திரும்பி உட்கார்ந்தாள், கண்ணில் தண்ணீர் முட்டிவிட்டது, அவளுக்குப் பொய்க்கோபம் வராது, வந்தால் நிஜக் கோபம்தான், இன்னும் ஒரு வாரத்துக்கு வீட்டில் தட்டு ஓசையோடுதான் வைக்கப்படும், படட்டும். வழி தப்பிருச்சு சொர்ணம் என்றார். நான்தான் தப்பா வந்துட்டேன், ரொம்ப தூரம் தப்பா வந்துட்டேன். மீண்டும் வழி கணக்கிடப்படுகிறது என்றாள் அந்தம்மா. பிறகு போன் அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. கோமதி மடியிலிருந்து கண்ணாடியை எடுத்தாள், சேலைத் தலைப்பில் துடைத்து மாட்டிக்கொண்டாள், போனைப் பார்த்தாள். "கோட்டைச்சாமி கூப்பிடுறாருப்பா" என்றாள். சொர்ணம் மெதுவாகத் திரும்பி மகளைப் பார்த்தாள், கைப்பை ஜிப் பாதியில் நின்றது. சிக்னல் இல்லைன்னு நெனைச்சுக்குவாரு, விட்டுரு ஆத்தா என்றார். அடித்து ஓய்ந்தது. இந்த ரோடு எங்கே போகிறது என்று அவருக்குத் தெரியாது, திராட்சைத் தோட்டங்கள் ஆரம்பித்திருந்தன, மலை இன்னும் கிட்டத்தில் வந்திருந்தது, அவர் இரண்டு கையாலும் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்து, தோளைக் குறுக்கி, நேராக முன்னால் பார்த்துக்கொண்டு, எக்ஸ்ரே பலகை முன்னால் நின்ற மாதிரியே உட்கார்ந்திருந்தார். பின் சீட்டில் பொட்டலம் பிரிக்கிற சத்தம் கேட்டது, புளியோதரை வாசம் வந்தது, அப்புறம் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து வருகிற அதே குரல்.

"இப்ப மூச்சு விடலாம்ப்பா."

அவர் விட்டார்.